யூத மார்க்கமும் நாமும்

யூதர் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம்மிற் பலருக்கு இரண்டு சித்திரங்களே மனத்தில் எழுகின்றன. ஒன்று, ஆபிரகாம், மோசே, தாவீது முதலியோர் உலாவும் பழைய ஏற்பாட்டுக் காலம். மற்றொன்று, இயேசுநாதரோடு வாதாடி நிற்கும் பரிசேயர் கூட்டம். அதன்பின் திரை விழுந்துவிடுகின்றது. மல்கியாவின் கடைசி அதிகாரத்தோடு யூத சமயம் தன் வேலையை முடித்துக்கொண்டது என்பதே வேதபாட வகுப்புகளில் சொல்லாமற் சொல்லப்படும் பாடம். இப்பாடம் பிழையானது என்பதும், அப்பிழை ஏட்டளவில் நில்லாது மனித உயிர்களை வாங்கியது என்பதும் நம் கருத்து.

முதலாவது, வேதப்புத்தகத்தின் அமைப்பையே நோக்குவோம். நாம் பழைய ஏற்பாடு என வழங்கும் 39 ஆகமங்களையே யூதர் 24 நூல்களாக எண்ணி, தோரா, தீர்க்கதரிசிகள், எழுத்துக்கள் என மூன்று பகுதிகளாக வகுத்துள்ளனர். நூல்கள் அவையே, வரிசை வேறு. நமது வரிசை எலியாவின் வருகையை எதிர்நோக்கும் மல்கியாவோடு முடிகின்றது. சில பக்கங்களைத் திருப்பியவுடன் யோவான்ஸ்நானன் வந்து நிற்கிறார். யூதர் வரிசையோ நாளாகமத்தோடு முடிகின்றது. சிறைப்பட்ட ஜனங்கள் எருசலேமுக்குத் திரும்பிச் செல்லலாம் எனப் பெர்சிய அரசனாகிய கோரேசு விடுத்த கட்டளையே அதன் கடைசிச் செய்தி. எதைக் கடைசியில் வைக்கிறோமோ அதை நோக்கியே முழு நூலையும் வாசிக்கிறோம்.

இனி, தோரா என்னும் சொல். அவ்வெபிரெயச் சொல்லுக்குப் போதனை, வழிகாட்டல் என்பதே அடிப்படைப் பொருள். நம் தமிழ் வேதாகமத்தில் அது அடைந்த மாறுதல் கவனிக்கத்தக்கது. முதலாம் சங்கீதத்தில் நற்பேறு பெற்ற மனிதன் இடைவிடாது சிந்திப்பதாகக் கூறப்படுவது ‘வேதம்’. 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதம் வியந்து பாராட்டுவதும் அவ்வேதத்தையே. பவுலப்போஸ்தலரின் நிருபங்களுக்கு வந்தாலோ அது ‘நியாயப்பிரமாணம்’ ஆகிவிடுகின்றது. முன்னதற்கு மூலம் எபிரெயத் தோரா. பின்னதற்கு மூலம், அத்தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் வழங்கிய ‘நோமோஸ்’ என்னுஞ் சொல். தமிழில் வாசிக்கும் நாம் வேதத்தை நேசிக்கவும் நியாயப்பிரமாணத்துக்கு அஞ்சவும் கற்றோம். இரண்டும் ஒன்றென அறிந்தோமில்லை. மொழிபெயர்த்த பெரியோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கிரேக்கச் சொல்லுக்கு அவர்கள் நேரான பொருளையே தந்தனர். ஆயினும், யூதன் என்றால் கட்டளைகளின் பாரத்தால் கூனிக் குறுகியவன் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றுதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையில் நிகழ்வது யாது? ஆண்டுதோறும் தோராவை வாசித்து முடிக்கும் திருநாளில் அச்சுருள்களைக் கையிலேந்தி யூதர் தம் ஜெபாலயங்களில் ஆடிப்பாடி மகிழ்கின்றனர். வெறுஞ் சட்டப்புத்தகத்தை ஏந்தி எவரேனும் நடனமாடியதுண்டோ?

நிற்க. ‘பரிசேயன்’ என்பது நம் பிரசங்கபீடங்களில் மாயக்காரனுக்கு மறுபெயராகவே வழங்கிவருகின்றது. சுவிசேஷங்களில் பரிசேயர்மீது கடுமொழிகள் உள என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் மரித்தோர் உயிர்த்தெழுவர் என்பதைச் சதுசேயர் மறுத்தபோது அதை நிலைநாட்டியவர் பரிசேயரே. நிக்கொதேமு பரிசேயர், அப்போஸ்தலருக்காக ஆலோசனைச் சங்கத்தில் பரிந்து பேசிய கமாலியேல் பரிசேயர், அவர் பாதத்தருகே பயின்ற பவுலும் தம்மைப் பரிசேயர் என்றே சொல்லிக்கொண்டார். இயேசுநாதருக்கு ஒரு தலைமுறை முன் விளங்கிய இல்லேல் என்னும் போதகர், தனக்கு வெறுப்பானதைப் பிறர்க்குச் செய்யாமையே தோராவின் சாரம் என்று போதித்ததாக யூத மரபு கூறும். மலைப்பிரசங்கத்தை அறிந்தோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. ஒரே குடும்பத்தார் தம் வீட்டினுள்ளே வாதாடிய வாதத்தைப் பிற்காலத்தார் வெளியே நின்று கேட்டு, பகைவர் சண்டை எனக் கொண்டனர்.

கி. பி. 70இல் ரோமத் தளபதி தீத்து எருசலேம் தேவாலயத்தை அழித்தான். பலிபீடம் இல்லை, ஆசாரியர்க்கு ஊழியம் இல்லை. ஒரு சமயம் மறைந்தொழிவதற்கு இதனினும் பெருங்காரணம் வேண்டுமோ? அவ்வேளையில் யோகனான் பென் சக்காய் என்பவர் யவ்னே என்னும் ஊரில் போதகர்களை ஒன்றுகூட்டினார். முற்றுகையிடப்பட்ட எருசலேமிலிருந்து அவரைச் சீடர்கள் சவப்பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தனர் என்று ஒரு பழங்கதை உண்டு. பலிக்குப் பதிலாக ஜெபமும், பலிபீடத்துக்குப் பதிலாக வீட்டு மேசையும், ஆசாரியருக்குப் பதிலாக ரபீமாரும் நிலைபெற்றனர். வாய்வழி வந்த போதனைகள் ஏறத்தாழ கி. பி. 200இல் மிஷ்னா என்னும் தொகுப்பாக 63 பகுதிகளில் அமைந்தன. அதன்மேல் எழுந்த விரிவுரைகள் தல்மூத் எனப் பெற்றன. ஆகவே, இன்றைய யூத மார்க்கம் லேவியராகமத்தின் மிச்சமன்று; திருச்சபை உருவான அதே நூற்றாண்டுகளில் அதன் பக்கத்திலேயே உருவானது. அதைத் தாய் என்றும் நம் மார்க்கத்தை மகள் என்றும் சொல்வதினும், ரெபெக்காள் வயிற்றிற் பிறந்த இரட்டையர் எனச் சில அறிஞர் கூறுவதே பொருத்தமாகும். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என நாம் ஞாயிறுதோறும் எபிரெயம் பேசுவதும் அவ்வுறவினாலேயே.

வேற்றுமைகளை மழுப்புதலும் தகாது. இயேசுவே மேசியா என்பதை யூதர் ஏற்பதில்லை. கடவுள் மனிதனாக அவதரித்தார் என்பது அவர்தம் ஏகதெய்வக் கொள்கைக்கு ஒவ்வாதது. மேசியா வந்தாரெனில் உலகில் போர் ஏன் ஒழியவில்லை என்று அவர்கள் வினவுவர். இவ்வினாவை அவமதிப்பின்றிக் கேட்கத் திருச்சபை நெடுங்காலம் கற்கவில்லை.

பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட வேண்டுமென்ற மார்சியோனை இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரிச் சபை விலக்கியது. நூலை வைத்துக்கொண்ட சபை, அந்நூலுக்குரிய மக்களை வெறுக்கத் தொடங்கியதே விந்தை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் கிறிசோஸ்தம் அவர்களுக்கு விரோதமாகப் பிரசங்கித்தார். 1215இல் கூடிய லாத்தரன் சங்கம் அவர்கள் வேறு உடை தரிக்க விதித்தது. நாம் மதிக்கும் மார்ட்டின் லூத்தரும் 1543இல் எழுதிய நூலில், யூதரின் ஜெபாலயங்களைக் கொளுத்தும்படி ஆலோசனை கூறினார். ஹிட்லரின் இனக்கொள்கை சுவிசேஷத்திலிருந்து பிறந்ததன்று. ஆனால் அது விதைக்கப்பட்ட நிலத்தைப் பல நூற்றாண்டுகளாக உழுது வைத்தவர் யாவர்? ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அதன் பிறகே 1965இல் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணப்பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாதெனப் பிரகடனம் செய்தது. 1994இல் அமெரிக்க லூத்தரன் சபை லூத்தரின் அவ்வெழுத்துக்களை வெளிப்படையாக நிராகரித்தது.

இவையெல்லாம் ஐரோப்பாவின் குற்றம், நமக்கென்ன என்பார் உளர். கொச்சியில் 1568இல் எழுந்த யூத ஜெபாலயம் அரசரின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே நிற்கின்றது. யூதருக்கு அடைக்கலம் தந்தவர் இந்து அரசர். 1662இல் அவ்வாலயத்தைச் சேதப்படுத்தியவர் போர்த்துக்கீசியக் கிறிஸ்தவர். யூதரை ஒருநாளும் கண்டிராத நம் ஊர்ப் பிள்ளைகளும் ‘யூதாசு’ என்பதை வசைமொழியாக அறிந்துள்ளனரே, அது எவ்விடத்திலிருந்து வந்தது?

ஆதலின் நாம் வேண்டுவது இது: யூத மார்க்கத்தை யூதர் வாய்மொழியாகவே நம் மாணவர் ஒருமுறையேனும் கேட்க வேண்டும். மிஷ்னாவில் ‘பிதாக்களின் வாக்கியங்கள்’ எனப்படும் சிறு பகுதியொன்று உண்டு. பஸ்காவுக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் இடைப்பட்ட ஓய்வுநாட்களில் வாரம் ஓர் அதிகாரமாக அதன் ஆறு அதிகாரங்களை வாசிப்பது யூதர் வழக்கம். குறளும் நாலடியாரும் பயின்றோர்க்கு அதன் சுருங்கச் சொல்லும் முறை அந்நியமாகத் தோன்றாது. பவுலின் நிருபங்களைப் போதிக்கும் பருவத்தில், அவற்றைத் தொடங்குமுன் ஆறு வாரங்களை இதற்கென ஒதுக்குவது இயலாத காரியமன்று.