பறக்கும் யந்திரம் யார் கையில்?

வயலுக்கு மேல் பறந்து மருந்து தெளிக்கும் ட்ரோனை நம் கிராமங்களில் பலரும் பார்த்துவிட்டார்கள். இந்த யந்திரத்திற்கு உடல் ஒன்று, வேலை பல. விசிறிகளும் மோட்டார்களும் பாட்டரியும் அப்படியே இருக்கும். அடியில் மாட்டும் சாமான் மட்டும் மாறும். மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டு விதை தூவும் பெட்டியை மாட்டலாம். காமிராவை மாட்டி நிலத்தை அளக்கலாம். ரிங் பிரேமில் பல்சக்கரத்தை மாற்றி நூலின் நம்பரை மாற்றும் மில் தொழிலாளிக்கும், டிராக்டரில் கலப்பையைக் கழற்றி டிரெய்லரை மாட்டும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்த நுட்பம் புதிதல்ல.

நாம் யந்திரத்திற்கு விரோதிகள் அல்ல. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாகச் சுமார் 20 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். முதுகில் விஷத்தைச் சுமந்து, அதையே சுவாசிக்கும் வேலையிலிருந்து மனிதனை விடுவிக்கும் யந்திரத்தை யார் வேண்டாமென்பார்?

ஆனால், மாட்டும் சாமானை யார் தீர்மானிக்கிறார்கள்? 2024 பிப்ரவரியில், விளைபொருளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சட்டமாக்கக் கோரி டில்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகள் மீது, ஷம்பு எல்லையில் ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது. விவசாயிகள் காற்றாடி விட்டு அதை மடக்கப் பார்த்தார்கள். பயிருக்கு மருந்து சுமக்க வேண்டிய யந்திரம் உழவன் தலைமேல் குண்டு சுமந்தது!

கம்பெனிகளின் தந்திரம் வேறு. ஒரு கம்பெனியின் பாட்டரியும் தொட்டியும் மற்றொரு கம்பெனியின் ட்ரோனில் பொருந்தாதபடி செய்துவிட்டால், வாங்கியவர் ஆயுள் முழுதும் அதே வாசலில் நிற்க வேண்டியதுதான். 2023-ல் மத்திய சர்க்கார் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்க 1,261 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது. விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்ச ரூபாய் மானியம், மீதிக்குக் கடன். மானியம் மக்கள் பணம். கடன் அந்தப் பெண்களின் தலையில். லாபம் மட்டும் கம்பெனிக்கா?

வேலை இழப்பவன் கதி என்ன? 2021-ல் வந்த ட்ரோன் விதிகள், ஓட்டுபவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை நிபந்தனையாக்கின. சிறு வயதிலேயே மாடு மேய்க்கப் போனவனுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

ஆகவே நாம் கோருகிறோம்:

எல்லாக் கம்பெனி ட்ரோன்களுக்கும் பாட்டரி, தொட்டி, இணைப்பு அனைத்தும் பொது அளவில் அமைய வேண்டும். பழுதுபார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ட்ரோன் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தாக இருக்க வேண்டும்.

மருந்தடிக்கும் கூலியை இழப்பவருக்கே முதலில் பயிற்சியும் வேலையும் நியாயமான கூலியும் தர வேண்டும். படிப்பு நிபந்தனை தளர வேண்டும்.

போராடும் மக்கள் மீது ட்ரோனை ஏவக்கூடாது.

தோழர்களே! இந்த யந்திரத்தில் எந்தச் சாமானையும் மாட்டலாம். எதை மாட்டுவது என்று சொல்லும் அதிகாரம் உழைப்பவனிடம் வர வேண்டும். அதற்குச் சங்கத்தில் திரள்வோம்.