பித்தக் கல்லும் கத்தி பயமும்

"ஏனுங்க வைத்தியரே, பித்தக் கல்லைக் கஷாயத்துலயே கரைச்சுடலாமுங்களா?" கொங்குச் சீமையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் கத்தி பயம்.

அந்தப் பயத்தைக் குறைத்தவர்களில் ஒருவர் நம்ம கோவை டாக்டர் சி. பழனிவேலு. ஏழை விவசாயக் குடும்பம், மலேசியாவில் கூலி வேலை. விட்ட படிப்பைத் தொடர்ந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதன்முதலில் செய்த லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷனை, 1990-களின் தொடக்கத்திலேயே இங்கே செய்யத் தொடங்கினார். பெரிய கீறல் போய், சிறு துளைகள். படுக்கையும் ஒன்றிரண்டு நாள்தான்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: சாதாரண அஜீரணத்துக்கு எங்களிடம் வாங்க. வலது விலாவுக்கடியில் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. குழாயை அடைத்த கல்லுக்குக் கஷாயம் உதவாது. காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.