ஓரிடத்துக் கட்சி

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் பெரியாற்று நீரும் நெல்வயலும் திராட்சைப் பந்தலும் நினைவுக்கு வருமேயன்றி, ஒரு பெருங்கட்சியின் இறுதிப் புகலிடம் அதுவே என்னுஞ் செய்தி பலர்க்குத் தோன்றாது. தென்னிந்திய நல உரிமைச் சங்கமென 1916-இல் தோன்றி, ஜஸ்டிஸ் கட்சி என வழங்கிய அவ்வியக்கம், 1920-இல் சென்னை ராஜதானியின் மந்திரி பதவிகளைக் கைக்கொண்டது. 1937-இல் காங்கிரஸிடம் தோற்றது. 1944-இல் சேலம் மாநாட்டில் பெரியார் அதனைத் திராவிடர் கழகமாக்கினார். கழகமோ தேர்தலை வேண்டாதது. இதற்கு இசையாத சிலர் பழம்பெயரைப் பற்றி நின்றனர். அவர்க்குத் தலைவரானவர் உத்தமபாளையத்துப் பி. டி. ராஜன், ஆக்ஸ்போர்டிற் பயின்றவர், 1936-இல் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை முதன்மந்திரியாய் இருந்தவர்.

1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அச்சிலர் சட்டசபைக்கு 9 பேரை நிறுத்தினர். வென்றவர் கம்பத்தில் நின்ற ராஜன் ஒருவரே. 375 இடங்களுள் ஓரிடம்! நகைப்போர் நகைக்கட்டும், யாம் நகையோம். காங்கிரஸுக்கு 152 இடங்களே கிடைத்து, எக்கட்சிக்கும் பெரும்பான்மை வாராத அச்சபையில், ஒரு கையும் எண்ணப்படும் கையே. பெரும்பான்மையோர் வேறு வழி சென்றவிடத்து, சிறுபான்மையோர் வீட்டுத் திண்ணையில் முணுமுணுத்திராது வாக்குப்பெட்டியின் முன் சென்று நின்றமை மெச்சத்தக்கதேயாம்.

எமது குறை பிறிதொன்று. வென்ற அத்தேர்தலுக்குப் பின் அக்கட்சி எத்தேர்தலிலும் நிற்கவில்லை. கம்பத்தார் வாக்களித்தது கட்சிக்கன்று, அறிந்த முகத்திற்கே எனக் கட்சியினரே கருதினர் போலும்! அங்ஙனமாயின் அம்முகத்தைக் கொண்டே ஊர்தோறும் கிளை வளர்த்திருக்கலாகாதோ? சின்னமனூரிலும் போடியிலும் இளைஞர் பத்துப்பேரைப் பயிற்றியிருக்கலாகாதோ? ஏறக்குறைய அதே காலத்தில், 1951-இல், பிரிட்டிஷ் லிபரல் கட்சியும் பார்லிமெண்டில் 6 இடங்களுக்குச் சுருங்கிற்று. அவற்றுள் மூன்று வேல்ஸ் நாட்டின; அவையும் மலையும் மேய்ச்சலும் மிக்க நாட்டுப்புறங்களே. அவர்கள் விட்டுவிடவில்லை. நகரசபைகளில் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வாதாடியவண்ணம் மீண்டும் மீண்டும் நின்றனர். 1974 பிப்ரவரியில் அறுபது லட்சம் வாக்குப் பெற்றனர். இடங்கள் அப்போதும் 14 தாம். ஆயினும் அறுபது லட்சம் பேர் ஒரு பெயரை மறவாதிருந்தனர் அன்றோ?

ஜஸ்டிஸ் கட்சிக்கு 1968-இல் சென்னையிற் பொன்விழா எடுத்தனர். கம்பத்தில் அதன் பெயரால் வாக்குக் கேட்பார் அப்போது எவருமிலர்.