ஹிப்ஹாப் தமிழன்: குணமும் குற்றமும்

கோவை ஆதியும் அவர்தம் தோழர் ஜீவாவும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட "ஹிப்ஹாப் தமிழன்" என்னும் இசைத் தொகுப்பினை அண்மையிற் புதுப்பட்டினக் கடற்கரையில் நண்பர் கூடிக் கேட்டோம்.

அமெரிக்கத் தெருக்களிற் பிறந்த விரைநடைப் பாட்டிற்கு நம் எதுகையும் மோனையும் இத்துணை இயைபாய்ப் பொருந்துமென யாம் எண்ணியதில்லை. யாப்பென்றால் அஞ்சும் மாணவரும் அதன் இன்பத்தை ஈண்டு அறியாமலே துய்க்கின்றனர். இது குணம்.

ஆயினும், 2011இல் பெயர்பெற்ற "கிளப்புல மப்புல" என்னும் பாட்டு, மது அருந்தும் பெண்டிரைக் கடிந்து பண்பாடு பேசுகின்றது. பண்பாடு பெண்டிர்க்கு மட்டுமே உரிய சுமையோ? உடன் பயிலும் சகோதரிகள் அதனைக் கேட்டு முகஞ்சுளித்தபோது யாம் நகைத்தோம், இன்று நாணுகின்றோம்.

தமிழைத் தலைமேற் கொள்வோர் தமிழ்ப் பெண்ணையும் மதித்தல் வேண்டும். தாளம் நன்று, நோக்குத் திருந்துக.