பேய்க்கு எதுக்கு இங்கிலீஷ் மியூசிக்?



ஆண்டு விழா பேய் நாடகத்துக்குச் சத்தம் தயார் செய்வது எங்கள் குழுவின் பொறுப்பு. போன்ல தேடினால், அமெரிக்காவில் அக்டோபர் 31-ல் கொண்டாடும் ஹாலோவீன் சத்தங்கள்தான் வந்து கொட்டுது. ஒத்திகையில ஓநாய் ஊளையிட்டதும் எல்லாரும் சிரிச்சிட்டாங்க. கதை நடப்பது தாமிரபரணிக் கரைப் புளியமரத்தடியில். அங்க ஓநாய்க்கு என்ன வேலை?

ராத்திரி காத்துல காய்ந்த பனை ஓலை உரசுறதைக் கேட்டிருக்கீங்களா? யாரோ பின்னாடி நடந்து வர்ற மாதிரியே இருக்கும். அதைப் பதிவு செய்துவிட்டேன். (பாதியில ஓடி வந்தது வேற விஷயம்!) தகரத்தை ஆட்டினால் இடி ரெடி.

எல்லாத்தையும் விட மகுடம்! சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்துக்கு அடிப்பார்களே, அதுதான். உச்சம், மந்தம் என்று இரண்டு. மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏற ஏற, நம்ம நெஞ்சும் கூடவே அடிக்கும்.

எங்கள் குழுவில் ஒருத்தனோட தாத்தா மகுடக் கலைஞர். கேலி பண்ணுவாங்கன்னு இத்தனை நாள் அவன் சொல்லவே இல்லை. எனக்கு ரொம்ப வெட்கமாப் போச்சு. கேலி பண்ணினவங்கள்ல நானும் உண்டு.

சாமி மேளத்தை நாடகத்துக்கு அடிக்கலாமா என்று தாத்தாவிடமே கேட்டோம். "சாமி வரவழைக்கிற அடி மட்டும் அடிக்க மாட்டேன், மத்தது அடிக்கேன்ல" என்றார்.

ஆகவே, ரெக்கார்டு வேண்டாம். தாத்தாவையே மேடைக்கு அழைக்க வேண்டும். சவுண்டு செட்டுக்குக் கொடுப்பதுபோல அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். விழாக்குழு ஆசிரியர்கள் யோசிக்கணும்.

- 9-ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு