டிவிடி போடுமுன் கணக்கைக் காப்போம்



கடைச் சாவியை வேற்றாளிடம் கொடுக்க நாம் பத்து முறை யோசிக்கிறோம். ஆனால் கணக்கு முழுவதும் அடங்கிய கம்ப்யூட்டரை, "விண்டோஸ் போயிடுச்சு அண்ணாச்சி, மறுபடி போட்டுத் தர்றேன்" என்று மெக்கானிக் சொன்னவுடன் ஒப்படைத்துவிடுகிறோம். இது முறைதானா?

எங்கள் மளிகைக் கடையில் நடந்ததையே சொல்கிறோம். ஒருநாள் காலை பில் போடும் கம்ப்யூட்டர் துவங்கவில்லை. வந்தவர் டிவிடியைப் போட்டார். தேவையான கோப்புகளை நிறுவ இயலவில்லை என்று பாதியில் நின்றது. வேறு டிவிடி போட்டார். இந்த ஹார்ட் டிஸ்கில் நிறுவ முடியாது என்றது. உடனே ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டார். 'டி' டிரைவில் இருப்பது பத்திரம் என்று நம்பியிருந்தோம். பற்று வரவுக் கணக்கும் அதோடு போயிற்று. தீபாவளிக் கடன் பாக்கியைத் துண்டுச் சீட்டுகளைத் தேடித்தான் திரும்ப எழுதினோம்.

பின்னர் விசாரித்ததில் தெரிந்தது இது. பாதியில் நின்றால் முதலில் டிவிடியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். வேறு டிவிடி, வேறு டிரைவ் என மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் டிவிடிக் கோளாறு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் ராம் மீது சந்தேகம் கொள்ளலாம். ஹார்ட் டிஸ்கில் நிறுவ முடியாது என்பதோ பல சமயம் பழுதே அல்ல. டிஸ்கைப் பிரித்திருக்கும் முறையும் கம்ப்யூட்டர் துவங்கும் முறையும் ஒத்துப்போகாததுதான். பயாஸில் ஒரு மாற்றம் செய்தாலே சரியாகியிருக்கும். அழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்று இது இன்னும் முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறோம். அது சாதாரண 4.7 ஜி.பி. டிவிடியில் அடங்காது, 8 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும். டி.பி.எம். 2.0 இல்லாத பழைய கம்ப்யூட்டரை அது ஏற்பதில்லை. இவற்றைப் பாராமல் துவங்கினால் பாதியில்தான் நிற்கும்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை நாம் வைத்திருக்க வேண்டும். "மெக்கானிக் அழித்துவிட்டார்" என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியுமா?

எங்கள் கருத்து இதுதான். தினமும் கடை சாத்துமுன் கணக்கை பென் டிரைவில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். பழுது வந்தால் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பணப்பெட்டியில் வைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் நிறுவச் சொல்லுங்கள். அந்தச் செலவு ஒரு நாள் வசூலைக்கூட எட்டாது. போன கணக்கை எந்த விலைக்கும் வாங்க முடியாது. டாலி வைத்திருப்போர், கம்ப்யூட்டர் துவங்கும் நிலையிலிருந்தால், அழிக்குமுன் லைசென்சை ஒப்படைத்துவிடுவது நல்லது.

மெக்கானிக்கைக் குறை கூறுவது எங்கள் நோக்கமல்ல. நகல் எடுக்காதது எங்கள் தவறே. "நகல் எடுத்தாயிற்றா?" என்று கேட்காமல் வேலையைத் துவங்குபவரிடம் இனி யாரும் கம்ப்யூட்டரைக் கொடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இதற்கென ஒரு மாலை நேரப் பயிற்சிக்கு நம் சங்கம் ஏற்பாடு செய்தால் பலரது கணக்கு பிழைக்கும்.