தாவலுக்கு ஒரு நீளம் உண்டு

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் ஆடிச்சுற்றும் தொடங்கிவிடும். 101, 108, 501, 1001 என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்குப்படி கோவிலைச் சுற்றி வருவார்கள். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். கணக்குச் சொல்லித் தருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. சுற்றி வருகிறவருக்கு எண் வெறும் ஒலியல்ல. நாற்பதாவது சுற்றிலிருந்து எண்பதாவது சுற்று எவ்வளவு தூரம் என்பது காலுக்குத் தெரியும். 101-க்கும் 501-க்கும் உள்ள வித்தியாசத்தை முழங்கால் சொல்லிவிடும். நம் தொடக்கப் பள்ளிக் குழந்தை ‘ஐந்து, பத்து, பதினைந்து, இருபது’ என்று ராகம் போட்டுச் சொல்லும்போது இல்லாமல் போவது இந்தத் தூரம்தான். பதினைந்துக்கு அடுத்து என்ன என்று நடுவில் நிறுத்திக் கேட்டால், பாட்டை மறந்தவரைப்போல அது மறுபடி ஐந்திலிருந்து ஆரம்பிக்கிறது.

ஆகவே தாவி எண்ணுவதைச் சின்னக் குழந்தைகளுக்கு உடலசைவோடு கற்பிக்க வேண்டும் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறானது. குழந்தைகளுக்கு உற்சாகம் வரும், தூக்கம் கலையும் என்கிறார்கள். அந்த உற்சாகத்தைக் கைதட்டியும் வரவழைக்கலாம். பாட்டும் ஆட்டமும் தமிழ்நாட்டு வகுப்பறைக்குப் புதியவையும் அல்ல; செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் வந்தது. கைதட்டலுக்குத் தாளம் உண்டு, நீளம் இல்லை. ஐந்தாவது தட்டும் பத்தாவது தட்டும் ஒரே இடத்தில்தான் விழுகின்றன. தாவலில் அப்படியில்லை. இரண்டிலிருந்து நான்குக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் பதினெட்டிலிருந்து இருபதுக்கும் என்பதைக் குழந்தையின் உடல் அளந்து பார்க்கிறது. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மழலையர் நடனப் பாயில் அடியெடுத்து வைத்து எந்த எண் பெரியது என்று காட்டினார்கள். அதே வேலையைக் கையடக்கக் கணினியில் செய்ததைவிட, இந்தப் பயிற்சிக்குப் பிறகு எண்கோட்டில் எண்களின் இடத்தை அவர்களால் துல்லியமாகக் காட்ட முடிந்தது. அந்த அசைவுக்குத் திசை இருந்தது. பலன் தந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய மரியா மாண்டிசோரியின் முறையில் மணிச்சங்கிலி என்று ஒரு பொருள் உண்டு. பத்துப் பத்தாகக் கோத்த ஆயிரம் மணிகளைத் தரையில் நீட்டிவைத்து, குழந்தை அதன் ஓரமாக நடந்துகொண்டே 10, 20, 30 என்று சீட்டு வைத்துப் போகும். அதில் குதிப்பே கிடையாது, நிதானமான நடைதான். ஆயிரம் எவ்வளவு நீளமானது என்பதை ஒருமுறை நடந்து பார்த்த பிள்ளைக்கு மூன்று சைபரின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தாவல் பயிற்சியின் நுட்பம் எந்த எண்ணால் தாவுகிறோம் என்பதில் இருக்கிறது. ஓர் அடிக்கு ஒரு கட்டமாகச் சாக்பீஸில் வரைந்தால் ஆறு வயதுக் குழந்தை இரண்டு கட்டத்தைத் தாவிவிடும். ஐந்து கட்டத்தைத் தாவ அதனால் ஆகாது. அங்கே நடக்க வேண்டும்: நான்கு அடிக்கு முணுமுணுப்பு, ஐந்தாவது அடிக்கு உரத்த குரல். முணுமுணுத்த எண்களும் காணாமல் போகவில்லை, காலடியில் இருக்கின்றன என்பது அப்போது விளங்கும். பத்துக்கு வந்தால் அதுவும் போதாது. புதிதாக ஒரு கோடு வரைந்து, இனி ஒரு கட்டம் என்றால் பத்து என்று சொல்ல வேண்டியிருக்கும். பத்தை ஒன்றாகப் பாவிக்கும் இந்த இடத்தில்தான் இடமதிப்பு பிறக்கிறது. பல பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். பழைய கோட்டின் பத்துக் கட்டங்களை அருகில் வைத்துக் காட்டாமல் ‘பத்து, இருபது’ என்று குதிக்கவைத்தால், குழந்தைக்கு அது ‘ஒன்று, இரண்டு’க்கு இன்னொரு பெயர், அவ்வளவே.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது, முப்பது என்று எண்பதுவரை ‘பது’வில் முடிந்த வரிசை, தொண்ணூறு வந்ததும் நூறின் சாயலுக்கு மாறிவிடுகிறது. அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒலிக்கும் ‘ஒன்பது’ என்ற சொல் ஏற்கெனவே பத்துக்கு முந்தைய எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. காதை மட்டும் நம்பும் குழந்தை இங்கே குழம்புவது அதன் குற்றமல்ல, மொழியின் குறும்பு. காலுக்கு இந்தக் குழப்பம் இல்லை. எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே சரியாக ஒரே ஒரு கட்டம் இருப்பதை அது மிதித்துத் தெரிந்துகொள்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயமே; கிடைக்கும் பதிலும் முழுக்கச் சாதகமாக இல்லை. டென்மார்க்கில் முதல் வகுப்புக் குழந்தைகள் 165 பேரைக் கொண்டு ஆறு வாரம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. முழு உடலையும் அசைத்துக் கணக்குப் படித்தவர்கள், கைவேலையோடு படித்தவர்களைவிட முன்னேறினார்கள். ஆனால் கணக்கில் பின்தங்கிய குழந்தைகளிடம் அந்தப் பலன் தென்படவில்லை. பயிற்சி நின்று எட்டு வாரமானதும் மற்றவர்களிடமும் வித்தியாசம் மறைந்துபோனது. அதே ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வு வேறு கதை சொல்கிறது. 12 பள்ளிகளில் 499 குழந்தைகளைக் கொண்டு நடந்த அதில், ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டு, வாரத்துக்கு மூன்று பாடங்களை உடலசைவோடு படித்தார்கள்; மற்றவர்கள் வழக்கம்போலப் படித்தார்கள். அசைந்து படித்தவர்களுக்குக் கணக்கிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சுமார் நான்கு மாதப் படிப்புக்குச் சமமான கூடுதல் முன்னேற்றம் கிடைத்தது. வாசிப்பில் ஒன்றும் மாறவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆறு வார முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வீண் என்று தெரிகிறது. பின்தங்கிய பிள்ளைக்கு இதையே மருந்தாகக் கொடுத்துவிட்டுக் கைகழுவவும் முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு டெல்லியிலிருந்து வருகிறது. அங்குள்ள மழலையர் பள்ளிகளில் 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கணித விளையாட்டுகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அளவை உணரும் திறன் கூடியது, ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் அது எடுபடவில்லை. 2025-இல் ‘நேச்சர்’ இதழில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் எழுதியதும் இதன் தொடர்ச்சிபோலவே இருக்கிறது: கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் நொடியில் கணக்குச் சொல்லும் சிறுவர்கள், அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பூ கட்டும் வீட்டில் வளரும் குழந்தையும் அப்படித்தான். கண்ணிக்கு நான்கு பூ என்று விரலில் நாலாம் வாய்ப்பாடே ஓடும். நோட்டில் 4 × 6 அதற்கு வேறு உலகமாகத் தெரியலாம். ஆகவே தாவி முடித்த குழந்தை அதே தரையில் உட்கார்ந்து, தான் மிதித்த எண்களை எழுத வேண்டும். எத்தனை தாவல், தாவலுக்கு எத்தனை, எங்கே நின்றாய் என்ற மூன்றும் 4 × 6 = 24 என்று நோட்டில் ஏறாதவரை அது உடற்பயிற்சி வகுப்புதான்.

‘பிள்ளையைப் படிக்க அனுப்பினேன், குதிக்க அனுப்பவில்லை’ என்று பெற்றோர் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்ட பிள்ளைகள் அதை அந்தரத்தில் உருப்போடவில்லை. நெல் அளவைக்கான வாய்ப்பாடாகிய நெல்லிலக்கம் என்றால், அளக்க ஊரில் நெல் இருந்தது. சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் கிடந்தது. இன்று அந்தப் பொருளின் இடத்தில் ஒரு கோடு போடுகிறோம். இடமில்லை, வெயில், பக்கத்து வகுப்புக்கு இரைச்சல், இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள் என்பவையெல்லாம் உண்மை. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் போதும். ஓடு பதித்த தரையாக இருந்தால் கோடு வரையும் வேலைகூட மிச்சம். தாவ இயலாத பிள்ளை அதே கோட்டில் புளியங்கொட்டையை நகர்த்தலாம். பலித்ததா என்று பார்க்க, ஐந்திலிருந்து தொடங்கச் சொல்லக் கூடாது. 37-இல் நிறுத்திப் பத்துப் பத்தாக முன்னே போகச் சொல்ல வேண்டும், பிறகு நூற்றில் நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி வரச் சொல்ல வேண்டும்.